"எத்தன படி இருக்கு மக்கா?" – ரயில், பஸ் நிலையங்களுக்கு மெய்நிகர் சுற்று செய்ய ஒரு முழு வழிகாட்டி

என் பெரியம்மாவுக்கு இரண்டு முட்டும் தேய்ந்துபோய் நாலைந்து வருஷமாகிறது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு டாக்டரைப் பார்க்கப் போக ரயில்தான் வசதி என்று வீட்டில் எல்லாரும் சொல்வோம். அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எத்தன படி இருக்கு மக்கா? கைப்பிடி உண்டுமா? லிஃப்ட் ஓடுமா, இல்ல சும்மா நிக்குமா?"

வருஷக்கணக்காக அந்த வழியாகப் போய்வருகிற எனக்கே பதில் தெரியவில்லை. கால் நன்றாக இருப்பவன் படியை எண்ணுவதில்லை. கடைசியில் அவர் வாடகைக் காரில் போவார், அல்லது அந்த மாதம் போகாமலே விட்டுவிடுவார்.

இந்தக் கேள்விகளுக்கு வீட்டில் உட்கார்ந்தே பதில் கிடைக்கச் செய்வதுதான் நிலையங்களுக்கான மெய்நிகர் சுற்று. 360 டிகிரி படங்களைச் சங்கிலிபோல் கோத்து, போனிலோ கம்ப்யூட்டரிலோ ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து ரயில் பெட்டி வாசல்வரை ஒருவர் 'நடந்து' பார்க்கும்படி செய்வது. சுற்றுலாத் தலங்களுக்குச் செய்யும் சுற்றில் சூரிய உதயம் இருக்கும், இசை இருக்கும். நமக்கு வேண்டியது சாக்கடை மூடியும் படிக்கட்டும் கழிப்பறைக் கதவின் அகலமும். அழகாக எடுக்கத் தெரிந்தவரைவிட, கெட்ட செய்தியை ஒளிக்காமல் சொல்லத் தெரிந்தவர்தான் இந்த வேலைக்கு ஏற்றவர்.

முதலில்: எந்த நிலையம், எந்த வழி

நிலையம் முழுவதையும் எடுக்கக் கிளம்பினால் பாதியில் நின்றுவிடும். ஒரே ஒரு வழியை எடுத்துக்கொள்ளுங்கள்: 'ஆட்டோவில் வந்து இறங்குபவர் டிக்கெட் எடுத்து, கழிப்பறை போய், ரயில் ஏறுவது.' அதை முடித்த பிறகு திரும்பி வரும் வழி. இரண்டும் ஒன்று என்று நினைக்காதீர்கள். ஏறும்போது லிஃப்ட் கண்ணில் படும். ரயிலிலிருந்து இறங்கிக் கூட்டத்தோடு போகும்போது அதே லிஃப்ட் முதுகுப்புறம் இருக்கும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. நாகர்கோவிலில் ரயில் நிலையம் இரண்டு: கோட்டாறு பக்கம் உள்ள ஜங்ஷன் ஒன்று, டவுன் இன்னொன்று. நெல்லைக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ஓடும் சில ரயில்கள் ஜங்ஷனுக்கு வராமல் டவுனில் மட்டும் நின்று போகும். குழித்துறையிலும் அப்படித்தான், குழித்துறை வேறு, குழித்துறை மேற்கு வேறு. பஸ்ஸுக்கு வடசேரி, அண்ணா பேருந்து நிலையம் என்று இரண்டு. நல்ல காலுள்ளவன் தவறான இடத்தில் இறங்கினால் திட்டிக்கொண்டே அடுத்த ஆட்டோ பிடிப்பான். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அன்றைய நாளே போச்சு. ஆகவே உங்கள் சுற்றின் முதல் திரையில் படம் வருவதற்கு முன்பே நிலையத்தின் முழுப் பெயரும், 'இது ஜங்ஷன், டவுன் அல்ல' என்ற ஒரு வரியும் வரட்டும்.

பழகுவதற்குக் கன்னியாகுமரி ரயில் நிலையம் நல்ல இடம். தண்டவாளம் முடியும் நிலையம் அது. நடைமேம்பாலம் ஏறாமலே, தண்டவாளம் முடிகிற பக்கமாக நடைமேடைகளுக்குப் போய்விடலாம். வழி எளிது, படமும் குறைவு. அங்கே கை பழகியபின் ஜங்ஷனுக்கு வாருங்கள்.

கேமராவுக்கு முன்னால் டேப்

முதல் நாள் கேமராவை வீட்டில் வைத்துவிடுங்கள். இரும்பு டேப் ஒன்று, நோட்டு, சாய்வு காட்டும் லெவல் ஆப் உள்ள போன், கூடவே மூன்று நான்கு பேர்: சக்கர நாற்காலியில் செல்பவர் ஒருவர், பார்வையற்றவர் ஒருவர், காது கேளாதவர் ஒருவர், முடிந்தால் முட்டு வலிக்காரப் பெரியவர் ஒருவர். இவர்கள் நடக்கட்டும், நீங்கள் பின்னால் போய் எழுதுங்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்களோ, எங்கே தயங்குகிறார்களோ, யாரிடம் வழி கேட்கிறார்களோ, அங்கெல்லாம் ஒரு படம் வேண்டும். பட இடங்களை அப்படித்தான் முடிவு செய்ய வேண்டும்.

அளக்க வேண்டியவை: படிகளின் எண்ணிக்கை, ஒரு படியின் உயரம், கைப்பிடி ஒரு பக்கமா இரண்டு பக்கமா, லிஃப்ட் கதவின் அகலம், உள்ளே பொத்தான்களின் உயரம், கழிப்பறைக் கதவின் அகலம், அந்தக் கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா, டிக்கெட் கவுண்டர் திண்டின் உயரம், உட்கார இடம் எத்தனை மீட்டருக்கு ஒன்று.

சாய்தளத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் 'சாய்தளம் உண்டு' என்ற இரண்டு சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. சாய்தளம் 1:12 என்ற கணக்கைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதிமுறை. ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும் என்று பொருள். வெறும் 15 சென்டிமீட்டர் உயரத் திண்டுக்குக்கூட 1.8 மீட்டர் சாய்தளம் தேவை. டிகிரியில் சொன்னால் சுமார் 4.8. போனைச் சாய்தளத்தில் படுக்க வைத்தால் லெவல் ஆப் எண்ணைக் காட்டிவிடும்; 5-ஐத் தாண்டினால் செங்குத்து என்று எழுதுங்கள்.

ஒரு பேருந்து நிலையத்தில் நாங்கள் அளந்தபோது திண்டின் உயரம் 22 சென்டிமீட்டர். கணக்குப்படி இரண்டரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். அங்கே யாரோ சிமென்டைக் குழைத்துப் பூசியிருந்த சரிவு 90 சென்டிமீட்டர்தான். சக்கர நாற்காலியில் வந்த நண்பர் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பி, முதுகு முன்னால் போகும்படி வைத்துக்கொண்டு, "இனி தள்ளு" என்றார். நான் தள்ளினேன். ஏறிய பிறகு இரண்டு அடி தள்ளி மழைநீர்க் கால்வாய்க் கம்பி மூடி. கம்பிகள் நாங்கள் போகும் திசையிலேயே நீளமாக ஓடின. முன் சின்னச் சக்கரம் இடுக்கில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. நூறு படம் எடுத்திருந்தாலும் அந்த மூடியை நான் கவனித்திருக்க மாட்டேன். இப்போது அந்தச் சுற்றில் மூடிக்கென்றே தனிப் படமும், 'சுவரோரமாகப் போனால் மூடியைத் தவிர்க்கலாம்' என்ற வரியும் இருக்கின்றன.

ரயிலுக்கு இன்னும் இரண்டு அளவு உண்டு. உயர்ந்த நடைமேடை தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரம். பெட்டியின் தரை அதைவிட மேலே. நடைமேடைக்குச் சமமாக ஏறிவிடலாம் என்று நினைத்து வருபவர், பெட்டி வாசலில் இன்னும் படி இருப்பதைப் பார்த்துத் திகைப்பார். அதைப் படத்தோடு சொல்லிவிடுங்கள். அடுத்தது, மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி பல எக்ஸ்பிரஸ் ரயில்களில் கார்டு பெட்டியோடு சேர்ந்து ரயிலின் கோடியில்தான் வரும். நிலைய வாசலிலிருந்து அந்தக் கோடிக்கு எத்தனை மீட்டர் என்பது முட்டு வலிக்காரருக்கு மிகப் பெரிய தகவல். 'முதல் பெட்டி', 'கடைசிப் பெட்டி' என்று மட்டும் எழுதாதீர்கள். நெல்லையிலிருந்து ஜங்ஷனுக்கு வந்து திருவனந்தபுரம் போகும் ரயிலுக்கு அங்கே இன்ஜின் மாற்றி மறுபக்கம் கட்டுவார்கள், முன் பின்னாகிவிடும். 'கன்னியாகுமரி பக்கத்துக் கோடி' என்று திசையை வைத்து எழுதினால் குழப்பம் இல்லை.

அனுமதி

நடைமேடையில் ஸ்டாண்டு போட்டு நின்றால் பத்து நிமிஷத்தில் ரயில்வே போலீஸ் வந்து நிற்கும், அது அவர்கள் வேலை. முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். நம் மாவட்ட ரயில் நிலையங்கள் தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்தில் வருகின்றன. தமிழ்நாடுதானே என்று மதுரைக்கு எழுதி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். பஸ்ஸில் கணக்கு வேறு: பஸ் அரசுப் போக்குவரத்துக் கழகத்துடையது, நிலையம் பொதுவாக உள்ளாட்சியின் கையில். நாகர்கோவில் என்றால் மாநகராட்சி. இரண்டு இடத்துக்கும் ஒரே கடிதத்தின் நகல் போகட்டும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் ஒன்று.

கடிதத்தில் கெஞ்ச வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 41-ஆம் பிரிவு பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம் ஆகியவற்றை அணுகத்தக்கதாக ஆக்குவது பற்றியது. 42-ஆம் பிரிவு தகவல் அணுகத்தக்க வடிவில் இருப்பது பற்றியது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று சொன்னது. இந்த மூன்றையும் மூன்று வரியில் எழுதி, எந்த நாள், எத்தனை மணி, எத்தனை பேர், தண்டவாளத்தில் இறங்க மாட்டோம், பயணிகள் முகத்தை மறைத்துவிடுவோம் என்று சேர்த்தால் கடிதம் முடிந்தது.

படம் எடுக்கும் நாள்

இன்ஸ்டா360, ரிக்கோ தீட்டா போன்ற கேமரா இருந்தால் ஒரே கிளிக்கில் சுற்றும் முற்றும் விழுந்துவிடும். வாங்கத் தேவையில்லை, கல்யாண வீடியோ எடுப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கிடைக்கவே இல்லையென்றால் சாதாரண போனில் ஒவ்வொரு இடத்திலும் நான்கு திசைக்கு நான்கு படம் எடுங்கள். சுழற்றிப் பார்க்க முடியாதே தவிர, கூடவே எழுதும் குறிப்பு ஒழுங்காக இருந்தால் பயனில் பெரிய குறை இருக்காது.

கேமராவின் உயரம் தரையிலிருந்து 115, 120 சென்டிமீட்டர். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் மட்டம் ஏறக்குறைய அதுதான். நின்றவர் உயரத்தில் எடுத்தால் கவுண்டர் திண்டு தாழ்வாகத் தெரியும், அறிவிப்புப் பலகை எட்டும் தூரத்தில் தெரியும், இரண்டும் பொய். நேர்வழியில் ஐந்து ஆறு மீட்டருக்கு ஒன்று, திருப்பத்திலும் வாசலிலும் லிஃப்ட் முன்னாலும் கட்டாயம் ஒன்று. ஒரு படத்தில் நின்று பார்த்தால் அடுத்த இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ரயில் போன பிறகு வரும் இருபது நிமிஷ வெறுமையில் எடுங்கள். சபரிமலை சீசனில் கன்னியாகுமரி, சவேரியார் கோயில் திருவிழாவில் கோட்டாறு, மாசிக் கொடையில் மண்டைக்காடு போகும் பஸ்கள் நிற்கும் இடம், இங்கெல்லாம் அந்த நாட்களில் கேமராவோடு போகாதீர்கள். ஆனால் குறிப்பில் எழுதுங்கள், 'இந்த நாட்களில் இங்கே சக்கர நாற்காலி நகராது' என்று. இரவில் ஒரு முறை போய் அதே இடங்களில் திரும்ப எடுப்பதும் வேண்டும். மங்கலான பார்வை உள்ளவர்களுக்கு எந்த விளக்கு எரிகிறது என்பதுதான் வழியே. நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஒரு மழைநாளில் போய்த் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த ஓடு வழுக்குகிறது என்று பார்த்து வைத்தால் இன்னும் நல்லது.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. ஒற்றைக் கால் ஸ்டாண்டில் கேமராவை வைத்து, படத்தில் விழாமல் இருக்க நான் தூண் மறைவில் போய் நின்றேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அது மல்லாந்து கிடந்தது. லென்ஸில் கீறல், அந்த மாதச் சம்பளத்தில் ஓட்டை. இப்போது இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கயிற்றில் கட்டி ஸ்டாண்டில் தொங்கவிடுகிறேன்.

ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிஷம் ஒலியையும் பதிந்துகொள்ளுங்கள். அறிவிப்பு எங்கே கேட்கிறது, எங்கே இரைச்சலில் அமுங்குகிறது என்பது பார்வையற்றவருக்கு அடையாளம். திடீர்ச் சத்தம் தாங்காத ஆட்டிசக் குழந்தையை அழைத்து வரும் பெற்றோருக்கு முன்னெச்சரிக்கை.

எழுத்துதான் பாதி வேலை

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். படங்களைக் கோத்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வைத்துக் கேட்பவருக்கு 360 படம் ஒரு காலிப் பெட்டி. ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் நான்கைந்து வரி எழுதுங்கள். அதைப் படத்துக்கு அடியில் சாதாரண எழுத்தாகவே போடுங்கள், படத்துக்குள் ஒட்டாதீர்கள்.

மாதிரிக்கு ஒன்று. முதலில் நான் எழுதியது: 'இது நிலையத்தின் அழகிய நுழைவாயில். இங்கு பயணிகளுக்கு அனைத்து வசதிகளும் உள்ளன.' பார்வையற்ற நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "கொள்ளாம். இனி நான் எங்க போணும்?" என்றார். திருத்தி எழுதியது: 'இடம் 3. நுழைவாயில். உங்கள் முதுகுக்குப் பின்னால் சாலை, ஆட்டோ சத்தம் கேட்கும். முன்னால் மூன்று படி. கைப்பிடி வலப்பக்கம் மட்டும். படி வேண்டாமென்றால் இடப்பக்கம் எட்டு மீட்டர் போங்கள், சாய்தளம் உண்டு, சற்றுச் செங்குத்து, துணை வேண்டும். ஏறியதும் காலடியில் மேடு போட்ட மஞ்சள் ஓடு தொடங்கும், கவுண்டர் வரை போகும். நடுவில் ஒரு குப்பைத் தொட்டி அதன் மேல் நிற்கிறது.' அவர் சிரித்தார். "குப்பத் தொட்டியைச் சொன்னது நல்லதாப் போச்சு."

'சற்றுத் தூரம்', 'அருகில்', 'அங்கே' போன்ற சொற்களைத் தேடிப்பிடித்து நீக்குங்கள். மீட்டரில் சொல்லுங்கள். இடம் வலம் சொல்லும்போது எதைப் பார்த்து நிற்கிறார் என்பதையும் சொல்லுங்கள். எல்லையோர நிலையங்களான குழித்துறை, களியக்காவிளை பக்கம் என்றால் மலையாளத்திலும் ஒரு ஒலிப்பதிவு வேண்டும். காது கேளாதவர்களுக்கு இந்தியச் சைகை மொழியில் இரண்டு நிமிஷ வீடியோ, முழு வழிக்கும் ஒன்று போதும்.

கோத்து ஏற்றுவது

பேனல்லம், மார்ஸிபானோ என்று இரண்டு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டும் உங்கள் சொந்த இணையப் பக்கத்தில் ஓடும். இரண்டுக்கு ஒன்று விகிதத்தில் உள்ள 360 படத்தைக் கொடுத்து, எந்த இடத்தில் தட்டினால் எந்தப் படம் திறக்க வேண்டும் என்று குறித்தால் போதும். அதற்கு முன் முகங்களை மங்கலாக்குங்கள். நடைமேடையில் துண்டை விரித்துத் தூங்குபவர், பால் கொடுக்கும் தாய் இருக்கும் படங்களை மங்கலாக்கவும் வேண்டாம், அழித்துவிட்டு வேறு எடுங்கள்.

தானாகச் சுழலும் வசதியை அணைத்துவிடுங்கள், பலருக்குத் தலை சுற்றும். அம்புக்குறிப் பொத்தான்களில் 'இங்கே தட்டவும்' என்று போடாமல் 'அடுத்தது: லிஃப்ட் வாசல்' என்று எழுதுங்கள். மவுஸ் இல்லாமல் விசைப்பலகையாலேயே எல்லா இடத்துக்கும் போக முடிகிறதா என்று பாருங்கள். படங்களை 4096 க்கு 2048 அளவுக்குக் குறைத்தால் மலையோரத்தில் சிக்னல் தள்ளாடும் ஊர்களிலும் திறக்கும். எழுத்து மட்டும் உள்ள பக்கம் ஒன்று தனியாக இருக்கட்டும். அதையே வாசித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒலிப்பதிவாகவும் வையுங்கள். என் அனுபவத்தில் பெரியவர்களிடம் அதிகம் போய்ச் சேர்ந்தது அந்த ஒலிப்பதிவுதான்.

கூகுளின் தனி ஸ்ட்ரீட் வியூ ஆப் 2023 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் 360 படங்களை கூகுள் மேப்ஸில் அந்த இடத்தின் படமாக ஏற்றலாம். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சக்கர நாற்காலி போகுமா, ஓரளவு போகுமா, போகாதா என்று குறிக்க இடமுண்டு. அங்கே குறித்தால் சக்கர நாற்காலி போகும் இடங்களைக் காட்டும் வீல்மேப்பிலும் தெரியும்.

சோதனையும் பராமரிப்பும்

அந்த நிலையத்துக்கு ஒருமுறையும் போகாதவரிடம் போனைக் கொடுத்து, "கழிப்பறை எங்க, எத்தன படி?" என்று கேளுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. பிறகு ஆண்ட்ராய்டு போனின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கை ஓடவிட்டுத் திரையை மூடிவிட்டு நீங்களே கேட்டுப் பாருங்கள். பாதி பொத்தான்கள் பெயரில்லாமல் 'பட்டன், பட்டன்' என்று அலறும்.

க்யூஆர் குறியை நிலைய வாசலில் ஒட்டுவதால் பயன் கொஞ்சம்தான், அங்கே வந்தவர் ஏற்கெனவே படிக்கு முன்னால் நிற்கிறார். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் வெளிநோயாளி வரிசை, சிறப்புப் பள்ளிகள், பஞ்சாயத்து அலுவலகம், பங்குக் கோயில் அறிவிப்புப் பலகை என்று பயணத்தை முடிவு செய்யும் இடங்களுக்குக் கொண்டுபோங்கள்.

ஒவ்வொரு படத்திலும் எடுத்த தேதி இருக்க வேண்டும். இரட்டைப் பாதை வேலை, நிலையச் சீரமைப்பு என்று நம் பக்கம் தோண்டாத இடம் குறைவு. போன மாதம் இருந்த வழியை இந்த மாதம் தகரம் வைத்து அடைத்திருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் நடந்து பார்த்துவிட்டு வரட்டும். லிஃப்ட் இருக்கும் இடமெல்லாம் 'லிஃப்ட் நின்றிருந்தால்' என்று மாற்று வழியையும் எழுதி வையுங்கள். மாற்று வழி இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள்.

எங்கள் முதல் சுற்று தயாரானதும் பெரியம்மாவிடம் டேப்லெட்டைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசலிலிருந்து பெட்டி வரை மெதுவாகத் தட்டித் தட்டிப் போனார். படியை எண்ணினார், சரியாக வந்தது. பிறகு கேட்டார்: "எல்லாம் இருக்கு மக்கா. நடுவுல உக்காரதுக்கு பெஞ்சு எங்க கெடக்கு?"

மறுநாள் காலை டேப்பும் நோட்டுமாகத் திரும்பப் போய் பெஞ்சுகளை எண்ணினோம். வாசலுக்கும் கோடிப் பெட்டிக்கும் இடையில் மூன்று. ஒன்றுக்குக் கை இல்லை. மூன்றையும் சேர்த்துவிட்டோம்.